மாலையில் கால் மணி நேரத்துக்கு ஏற்ற எளிய இணைய விளையாட்டுகளும் சதுரங்கப் புதிர்களும் எவை?

விசுவமடு வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் விசுவமடுவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவுச் சமையலை அடுப்பில் ஏற்றி, பிள்ளைகளைப் புத்தகத்தோடு இருத்திய பின்னர் எனக்கென்று கிடைப்பது பதினைந்து நிமிடம், மிஞ்சிப்போனால் இருபது நிமிடம். அந்த நேரத்தில் குறுங்காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, எழும்பும்போது எதைப் பார்த்தேன் என்றே சொல்ல முடியாத நிலை வந்துவிட்டதால், அதற்குப் பதிலாக எளிய விளையாட்டு ஏதாவது பழகலாமா, சதுரங்கப் புதிர் பக்கம் போகலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சிக்கல்கள் சில உண்டு. எங்கள் வீடு பிரதான வீதியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருப்பதால் மாலையில் இணையம் வருவதும் போவதுமாக இருக்கும். டேட்டாவும் அளவாகத்தான் போடுகிறேன். சென்ற மாதம் இறக்கிய ஒரு பழ விளையாட்டில் இடையில் வந்த விளம்பரத்தை மூடப் போய், விரல் வேறெங்கோ பட்டு, ஏதோ ஒரு சேவையில் சேர்ந்துவிட்டேன் போலும். நாள்தோறும் சிறு தொகை கழிந்துகொண்டே இருந்ததை இரண்டு வாரம் கழித்து, ரீலோட் போட்ட காசு நிற்காமல் போனபோதுதான் கண்டுபிடித்தேன். எந்த விளையாட்டு, எந்த வலையமைப்பு என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அதே கைத்தொலைபேசியை என் பத்து வயது மகனும் எடுப்பதால் இப்போது பயமாக இருக்கிறது.

இன்னொன்று. சதுரங்கத்தில் எனக்குக் காய்கள் நகரும் முறை மட்டுமே தெரியும். ஒரு தளத்தில் புதிர் ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஊகித்து ஒரு காயை வைத்தேன், பிழை என்றது, இன்னொன்றை வைத்தேன், அதுவும் பிழை என்றது, மூடிவிட்டேன். இதை எப்படித் தொடங்க வேண்டும்? பாடசாலைக் கணினி அறையில் நாங்கள் முன்பு ஆடிய சின்னச் சின்ன விளையாட்டுகள் இப்போது ஏன் திறப்பதில்லை என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மல்லாவி ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

பிள்ளை, முதலில் அந்தக் காசு கழியும் விடயத்தை முடித்துவிடுங்கள். உங்கள் வலையமைப்பின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தை அழைத்து, உங்கள் எண்ணில் இயங்கும் மேலதிகக் கட்டணச் சேவைகள் அனைத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் நிறுத்தினால் மற்றொன்று ஒளிந்திருக்கும்.

சதுரங்கப் புதிருக்கு நான் சொல்வது லிசெஸ் தளத்தைத்தான். 2010 இல் பிரான்ஸைச் சேர்ந்த திபோ டுப்ளெஸ்ஸி என்ற நிரலாளர் தொடங்கிய அந்தத் தளம் இன்று வரை நன்கொடையால் நடக்கிறது. விளம்பரம் கிடையாது, காசு கேட்டுப் பூட்டி வைத்த பகுதியும் கிடையாது. உங்கள் மகன் எங்கே விரலை வைத்தாலும் வெளியே இழுத்துச் செல்லும் பொறி அங்கே இல்லை என்பதே உங்களுக்கு வேண்டிய முதல் தகுதி. கணக்குத் திறக்காமலே புதிர்களை ஆடலாம். செஸ்.காம் தளமும் நல்லதுதான். ஆனால் அங்கே இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்குச் சில புதிர்களுக்கு மேல் கிடைக்காது. உங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டே போதும் என்பதால் அது பெரிய குறையுமில்லை.

நீங்கள் தோற்றதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று, தரம் மாறியதுதான். லிசெஸ் ஒவ்வொரு புதிரையும் உங்களுக்கு எதிரே அமர்ந்த ஆட்டக்காரராகக் கொண்டு, நீங்கள் வென்றால் உங்கள் புள்ளியை ஏற்றி அதன் புள்ளியை இறக்குகிறது, தோற்றால் மறுபுறமாகச் செய்கிறது. புதிதாக வருபவர் 1500 புள்ளியில் தொடங்குவதால், காய் நகர்த்த மட்டும் தெரிந்தவருக்கு முதலில் வருவது தலைக்கு மேலே போகும் வெள்ளமாகவே இருக்கும். கடினத்தை மாற்றும் இடத்தில் மிக எளிது என்பதைத் தெரிவுசெய்தால் உங்கள் புள்ளியிலும் 600 குறைவான புதிர்கள் வரும். அல்லது தலைப்புவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் பக்கத்துக்குச் சென்று, ஒரே நடையில் செக்மேட் என்ற தலைப்பை எடுத்து ஒரு கிழமைக்கு அதை விட்டு வெளியே வராமல் இருங்கள்.

ஆடும் முறை பற்றி ஒன்று. புதிர் திறந்ததும் எதிராளியின் கடைசி நடை முதலில் ஆடிக் காட்டப்படும். பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதில்லை. அந்தக் காய் இப்போது எதைக் காவாமல் விட்டு வந்தது, எந்த வழியைத் திறந்துவிட்டது என்று பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடக்கும். அதன் பிறகு உங்கள் பக்கத்துச் செக்குகள் அனைத்தையும், முட்டாள்தனமாகத் தோன்றுவதையும் விடாமல், மனத்துக்குள்ளேயே ஆடிப் பாருங்கள். பிறகு வெட்டுகளைப் பாருங்கள். எதிராளி என்ன பதில் ஆடுவான் என்று சொல்ல முடியாத வரையில் திரையைத் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள் என்று என் மாணவருக்குச் சொல்வேன், அதை உண்மையாகவே செய்யவும் வைப்பேன்.

ஒன்று தருகிறேன். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் (வெள்ளையின் இடப்புறமிருந்து ஏ முதல் எச் வரை), எண் குறுக்குவரிசையையும் (வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை) குறிக்கும். வெள்ளை: அரசன் ஜி1, ராணி சி4, குதிரை எச்6. கறுப்பு: அரசன் எச்8, யானை டி8, சிப்பாய்கள் ஜி7, எச்7. வெள்ளை ஆடி இரண்டாம் நடையில் செக்மேட் செய்ய வேண்டும். கணினி வேண்டாம், தாளில் கட்டம் கீறிக்கொள்ளுங்கள்.

---

நெடுங்கேணிப் பரண்காவலன் எழுதியது:

அக்கா, எனக்குச் சதுரங்கம் அவ்வளவாக வராது. காலபோக நெல் முற்றும் நாட்களில் இரவு முழுவதும் பரணில் இருந்து யானைக்குக் காவல் காப்பவன் நான். கைத்தொலைபேசியில் ஆடும்போதும் முதலில் இழப்பது யானையைத்தான் என்பதால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் சிக்னலே இல்லாத இடத்தில் விழித்திருக்க எது உதவும் என்பதில் எனக்கு அனுபவம் இருக்கிறது.

குரோம் உலாவியில் இணையம் அறுந்தவுடன் வரும் சிறிய டைனோசரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைத் தொட்டால் அது ஓடத் தொடங்கும். கள்ளிச்செடி வரும்போது மறுபடி தொட்டுத் தாண்ட வைக்க வேண்டும். 2014 இலிருந்து அங்கேயே இருக்கிறது, பலர் அதைப் பிழைச் செய்தியின் படம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இணையம் வந்தவுடன் அது போய்விடும் என்பதால் உங்கள் வீட்டுக்கு மிகவும் பொருத்தம்.

அடுத்து ஃப்ரீசெல் என்ற சீட்டு விளையாட்டு. மற்றத் தனியாட்டச் சீட்டுகளில் தோற்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பலாம், இதில் முடியாது. ஐம்பத்திரண்டு சீட்டும் தொடக்கத்திலேயே முகம் காட்டிக் கிடக்கும். விண்டோஸில் முதலில் வந்த 32,000 அடுக்குகளில் 11982 ஆம் இலக்கம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விடை உண்டு என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே தோற்றது நான்தான், சீட்டு அல்ல என்ற நினைப்போடு மறுபடி அதே அடுக்கைத் தொடங்குவேன், அதற்குள் விடிந்துவிடும்.

2048 என்ற எண் விளையாட்டும் நல்லது. இரண்டும் இரண்டும் சேர்ந்தால் நான்கு, நான்கும் நான்கும் சேர்ந்தால் எட்டு என்று கட்டங்களைத் தள்ளிக்கொண்டே போவதுதான். கப்ரியேலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் 2014 மார்ச்சில் எழுதி, நிரலையும் எல்லோருக்கும் திறந்து விட்டார். அதனால் விளம்பரம் நிறைந்த நூறு போலிகளும் உண்டு, பார்த்து இறக்குங்கள். மிகப் பெரிய எண்ணை ஒரு மூலையில் வைத்து அங்கிருந்து அசைக்கக் கூடாது என்ற ஒன்றைத் தவிர வேறு தந்திரம் எனக்குத் தெரியாது. எந்த விளையாட்டானாலும் ஒருமுறை டேட்டாவை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். அப்போதும் ஓடினால் வைத்திருங்கள், ஓட மறுத்தால் அழித்துவிடுங்கள். இணையமில்லாமல் விளம்பரமும் வராது.

---

வவுனியா இரவுப்பறவை எழுதியது:

பாடசாலை விளையாட்டுகள் பற்றி அக்கா கேட்டதற்கு யாரும் பதில் தரவில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31 உடன் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டதால் உலாவிகளும் அதைக் கைவிட்டன. ரஃபிள் என்றொரு திறந்த மென்பொருள் அவற்றில் பலவற்றை மறுபடி ஓட வைக்கிறது. ஆனால் அது கணினிக்குத்தான் வசதி, கைத்தொலைபேசியில் பொத்தான்கள் இல்லாமல் அவதிப்படுவீர்கள்.

மாஸ்டர் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. அவர் பொழுதுபோக்குக் கேட்ட ஒருவருக்குத் தவம் செய்யச் சொல்கிறார். லிசெஸிலேயே புயல் என்றொரு பகுதி இருக்கிறது. மூன்று நிமிடக் கடிகாரம் ஓட, எளிய புதிரில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வரும், தொடர்ந்து சரியாக ஆடினால் நேரம் கூடும், பிழைவிட்டால் பத்து நொடி குறையும். பேருந்துக்குக் காத்திருக்கும்போது அதை விடச் சிறந்த பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது. ஒரே உருவங்கள் திரும்பத் திரும்ப வருவதால் கண்ணும் பழகுகிறது.

---

மல்லாவி ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

தம்பி, உங்களுக்கு அது பொருந்தும். ஏனென்றால் ஆயிரம் உருவங்கள் ஏற்கெனவே உங்கள் கண்ணில் இருக்கின்றன, வேகம் அவற்றை வெளியே இழுக்கிறது. ஒன்றுமே இல்லாத கிணற்றில் வாளியை எவ்வளவு விரைவாக இறக்கினால் என்ன? மேலும் இந்தப் பிள்ளை விட்டு வெளியேற நினைப்பதே தள்ளித் தள்ளிப் பார்க்கும் பழக்கத்தைத்தான். மூன்று நிமிடம் முடிந்ததும் இன்னொரு முறை, இன்னொரு முறை என்று விரலைப் பிடித்து இழுப்பதில் உங்கள் புயலுக்கும் அந்தக் காணொளிகளுக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. கடிகாரம் இல்லாமல் எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறும் தொடர் என்ற பகுதியும் அங்கேயே உண்டு. முதல் பிழையோடு அது முடிந்துவிடும். விரைவு வேண்டுமென்றால் அதற்குப் போகட்டும்.

தவம் என்றீர்கள். ஒரு புதிரைச் சோற்றுப் பானை கொதித்து முடியும் வரை மனத்தில் வைத்திருப்பதுதான் நான் சொல்வது. புதிர் ஆடினால் கணக்கில் புள்ளி கூடும், மூளை வளரும் என்றெல்லாம் விற்கிறார்கள். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. பொழுதுபோக்கு என்று கேட்டவருக்கு மருந்துச் சீட்டு எழுத வேண்டியதில்லை.

---

விசுவமடு வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சேவை இலக்கத்தை அழைத்தேன்; ஒன்றல்ல, இரண்டு சேவைகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் நிறுத்திவிட்டார்கள்.

மாஸ்டரின் புதிருக்கு நாட்காட்டி அட்டையின் பின்புறத்தில் கட்டம் கீறினேன். காய்களுக்குப் புளியங்கொட்டையும் சோடா மூடியும். முதலில் குதிரையை எஃப்7 இல் வைத்துச் செக் சொன்னால் அரசன் ஜி8 க்குத்தான் போக முடியும் என்று கண்டேன். பிறகு குதிரை டி8 யானையை வெட்ட, வழி திறந்து ராணியின் செக்கும் விழுகிறது. யானை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இதுதான் விடை என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். ஆனால் செக்மேட் என்று கேட்டிருந்தாரே என்று மறுபடி உட்கார்ந்தேன். முட்டாள்தனமாகத் தோன்றும் செக்கையும் விடாதே என்று சொன்னது நினைவுக்கு வர, ராணியை ஜி8 இல் கொண்டுபோய் வைத்தேன். குதிரை காவல் இருப்பதால் அரசன் வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் அந்த யானையே அரசனின் கடைசி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது குதிரை எஃப்7, அரசனுக்கு மூச்சு விட இடமில்லை. சோறு சற்றே அடிப்பிடித்துவிட்டது, பரவாயில்லை.

இதை என் அப்பா கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இளமையில் நன்றாக ஆடியவர். மரக்காய்கள் கொண்ட பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது, இடப்பெயர்வில் போய்விட்டது. அதன் பிறகு அவர் ஆடியதே இல்லை. கைத்தொலைபேசியில் ஆடுவது ஆட்டமில்லை என்பவர், அட்டையைக் கண்டதும் அது யானையில்லை, கோட்டை என்று மட்டும் திருத்தினார். அவருக்கென்று ஒன்று தர முடியுமா, மாஸ்டர்? காய்கள் குறைவாக இருந்தால் நல்லது, எங்களிடம் மூடிகள் போதாது.

---

மல்லாவி ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

நீங்கள் கண்டது மிகப் பழைய தந்திரம். 1497 இல் ஸ்பெயினில் அச்சான சதுரங்க நூலிலேயே இந்த உருவம் இருக்கிறது. முதலில் கிடைத்த யானையோடு நிற்காமல் மறுபடி உட்கார்ந்தீர்களே, புதிரில் நான் மெச்சுவது அதைத்தான்.

அப்பாவுக்கு நான்கே காய்கள். ரிச்சர்ட் ரேட்டி என்ற செக்கோஸ்லோவாக்கிய வல்லுநர் 1921 இல் வெளியிட்டது. வெள்ளை: அரசன் எச்8, சிப்பாய் சி6. கறுப்பு: அரசன் ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி ஆட்டத்தைச் சமன் செய்ய வேண்டும், வெல்ல அல்ல. பார்த்தவுடன் வெள்ளைக்கு இரண்டு வழியும் அடைபட்டதுபோல் இருக்கும்: கறுப்புச் சிப்பாயைத் துரத்தினால் இரண்டு அடி பிந்திவிடுகிறது, தன் சிப்பாய்க்குத் துணை போகலாம் என்றால் அதுவும் எட்டாத் தூரம். விடையை இணையத்தில் தேட வேண்டாம் என்று அப்பாவுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

---

வவுனியா இரவுப்பறவை எழுதியது:

மாஸ்டர், புயல் பற்றிய வாதத்தில் தோற்றதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இந்தப் புதிர் வேறு வகை. அரசனும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சும் நிலையைப் பலர் சிறுபிள்ளைப் பாடம் என்று தள்ளிவிடுகிறார்கள். 2024 டிசெம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டத்தில், சீன வீரர் டிங் லிரென் 55 ஆம் நடையில் தன் யானையை எஃப்2 இல் வைத்தது முடிவானது. சென்னையைச் சேர்ந்த குகேஷ் யானைகளை மாற்றி, மந்திரிகளையும் மாற்றி, அரசனும் சிப்பாய்களும் மட்டும் நிற்கும் நிலைக்கு இறக்கிவிட்டார். மூன்று நடைக்குள் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார். பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வந்தது அப்படித்தான்.

---

விசுவமடு வாசகி எழுதியது:

இரண்டு மாலை ஆனது. முதல் நாள் அப்பா அட்டையைத் தொடவே இல்லை, கையைப் பின்னால் கட்டச் சொன்னதை நான் அவருக்குச் சொல்லாமலே அப்படித்தான் இருந்தார். இரண்டாம் நாள் இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, என்னைக் கூப்பிட்டு வெள்ளை அரசனை ஜி7 இல் வைத்தார். கறுப்புச் சிப்பாய் எச்4. அரசன் எஃப்6. துரத்துகிறாரா, துணை போகிறாரா என்று கேட்டேன், இரண்டும் என்றார். கறுப்பு அரசன் பி6 க்கு வந்து சிப்பாயை வெட்டப் பார்க்கிறான். வெள்ளை அரசன் இ5 இல் நிற்கிறான். இப்போது கறுப்பு அரசன் சிப்பாயை வெட்டினால் வெள்ளை அரசன் எஃப்4 க்கு இறங்கி எச் வரிசைச் சிப்பாயைப் பிடித்துவிடுகிறான். வெட்டாமல் எச்3 என்று ஓடினால் வெள்ளை அரசன் டி6 க்குப் போய்த் தன் சிப்பாயைக் கைப்பிடித்துக் கூட்டிச் செல்கிறான், இருவரின் சிப்பாயும் கடைசி வரிசையை எட்டி ராணியாகி ஆட்டம் சமனாகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய், ஆனால் கல் எந்த மாங்காய்க்கு எறியப்பட்டது என்பதைக் கடைசி வரை காட்டவே இல்லை. அப்பா மூன்று முறை அதை ஆடிக் காட்டிவிட்டு, மூடிகளை எண்ணிப் பெட்டியில் போடச் சொன்னார்.

அடுத்தது இருக்கிறதா என்று காலையில் கேட்டார்.

---

மல்லாவி ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரு கணக்கை மட்டும் அவரிடம் காட்டுங்கள்: எச்8 இலிருந்து எச்2 வரை அரசன் நேராக இறங்கினால் ஆறு நடை. இ5 வரை சாய்வாகச் சென்று அங்கிருந்து எச்2 க்குச் சாய்வாகத் திரும்பினாலும் அதே ஆறு நடை. வயலில் வரம்பை விட்டு வளைந்து நடந்தால் தூரம் கூடும், பலகையில் அரசனுக்கு அது கூடுவதில்லை. ரேட்டி கண்டது அந்த ஒன்றைத்தான்.

அடுத்ததற்கு லிசெஸின் தலைப்புப் பக்கத்தில் சிப்பாய் ஆட்டமுடிவு என்ற பிரிவைத் திறந்து, நிலையைப் பார்த்து அட்டையில் அடுக்கிக்கொண்டு கைத்தொலைபேசியை மூடிவிடுங்கள். அவர் விடையைச் சொன்ன பிறகு திறந்து ஆடிப் பாருங்கள். டேட்டாவும் மிஞ்சும்.

---

நெடுங்கேணிப் பரண்காவலன் எழுதியது:

நானும் நேற்றிரவு அந்த நான்கு காய்களைப் பரண் பலகையில் கரியால் கீறி வைத்துப் பார்த்தேன், அக்கா. அரசன் சாய்ந்து போவது இப்போது விளங்குகிறது. எங்கள் வயலுக்கு வரும் யானை மட்டும் சதுரங்கத்தில் உள்ளதைப் போலவே நேராக வந்தது. பாதியில் எழும்ப வேண்டியதாகிவிட்டது.